கன்னப்பையில் கறுப்புத் தண்ணீர்

நெல்லிமடு என்ற குளக்கரையில் குரங்குகளும் புள்ளிமான்களும் கூட்டாக வாழ்ந்துவந்தன.

அவற்றுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. குரங்குகள் நெல்லி மரத்தில் ஏறிக் காய்களை உலுக்கிப் போடும். மான்கள் கீழே நின்று தின்னும். புதருக்குள் ஆபத்தான வாடை அடித்தால் மான்கள் குளம்பால் தரையைத் தட்டும். கீழே இறங்கிய குரங்குகள் உடனே மரமேறிவிடும். தூரத்தில் சிறுத்தை தெரிந்தால், உச்சிக்கிளையில் இருக்கும் காவல் குரங்கு "கக்! கக்! கக்!" என்று கத்தும். மான்கள் ஓடித் தப்பிக்கும்.

காவல் குரங்குக்கு ஒரே ஒரு விதி. காவல் நேரத்தில் அதன் கன்னப்பை காலியாக இருக்க வேண்டும்.

குரங்குகளுக்குக் கன்னத்தின் உட்புறம் இரண்டு பைகள் உண்டு. கிடைத்ததை அதில் அடக்கிக்கொண்டு, பிறகு சாவகாசமாக மெல்லும். ஆனால் கன்னம் நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? அதனால்தான் அந்த விதி.

உச்சிவெயிலிலிருந்து பொழுது சாயும்வரை காவல் முழக்கன் என்ற குரங்கினுடையது. அவன் கத்தினால் மூன்று மேடு தாண்டிக் கேட்கும்.

மருதி என்ற பெண்மானுக்கு அப்போதுதான் ஒரு குட்டி பிறந்திருந்தது. அதன் பெயர் பொட்டு. "முழக்கண்ணன் மேலே இருக்கும்போது நான் திரும்பிப் பார்க்காமல் மேய்வேன்" என்று மருதி எல்லோரிடமும் சொல்வாள்.

இந்த ஏற்பாடு பிடிக்காதவன் ஒருவன் இருந்தான். அவன் சாமரன் என்ற நரி. சிறுத்தை வேட்டையாடினால் மிச்சம் சாமரனுக்கு. ஆறு மாதமாகச் சிறுத்தைக்கு நெல்லிமடுவில் ஒன்றும் சிக்கவில்லை. சாமரனின் விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன.

மாசி மாதத்தில் ஒருநாள், மலைப்பாதையின் வளைவில் ஒரு லாரி சாய்ந்தது. பெட்டி பெட்டியாகப் பாட்டில்கள் பள்ளத்தில் உருண்டன. லாரிக்காரர்கள் வண்டியை நிமிர்த்தி ஓட்டிப் போனார்கள். பள்ளத்தில் கிடந்ததை எடுக்க யாரும் இறங்கவில்லை.

ஒரு பாட்டில் மட்டும் உருண்டு உருண்டு நெல்லி மரத்தடிக்கே வந்தது. முழக்கன் அதை எடுத்துக் குலுக்கினான். உள்ளே கறுப்பாக என்னவோ நுரைத்தது. மூடியைத் திருகினான்.

"புஸ்ஸ்ஸ்!"

"ஐயோ, பாம்பு!" என்று பாதி மரம் ஏறிவிட்டான்.

பாம்பு எதுவும் வரவில்லை. மெதுவாக இறங்கிவந்து நக்கிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் நக்கினான். அப்புறம் தலையை அண்ணாந்து மடமடவென்று குடித்தான்.

"அடடா! நாக்கில் ஆயிரம் எறும்பு ஓடுகிறதே! ஒன்றுகூடக் கடிக்கவில்லையே!"

புதருக்குப் பின்னால் இருந்த சாமரன் அதைப் பார்த்தான். முழக்கன் கிளைக்குக் கிளை தாவினான். தலைகீழாகத் தொங்கினான். காரணமில்லாமல் சிரித்தான். கொஞ்ச நேரம் கழிந்தது. ஆட்டம் அடங்கியது. முழக்கன் தண்டில் சாய்ந்தான். அவன் இமைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கின.

"அப்படியா சங்கதி!" என்றான் சாமரன்.

மறுநாள் வாயில் ஒரு பாட்டிலைக் கவ்விக்கொண்டு மரத்தடிக்கு வந்தான்.

"அண்ணே! இந்த வெயிலில் தொண்டை காய்ந்துபோயிருக்குமே!"

"குளம் பக்கத்தில்தானே இருக்கிறது?" என்றான் முழக்கன்.

"குளத்துத் தண்ணீரா? அது எங்களைப் போன்றவர்கள் குடிப்பது. நீங்கள் இந்தக் கரைக்கே காவலாளி. உங்களுக்கு இதுதான் பொருத்தம்."

"காவல் நேரத்தில் வாயில் எதுவும் வைக்கக் கூடாதே."

"தின்பதைத்தானே வைக்கக் கூடாது? இது தண்ணீர்தானே அண்ணே!"

முழக்கன் யோசித்தான். விதி தீனியைப் பற்றித்தான். தண்ணீரைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. சரியாகத்தான் பட்டது. இறங்கிவந்து பாட்டிலை வாங்கிக்கொண்டான்.

நாலு மிடற்றில் பாட்டில் தீர்ந்துபோவது அவனுக்கு வருத்தமாக இருந்தது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு கன்னப்பைகளிலும் நிரப்பி அடக்கிக்கொண்டான். சொட்டுச் சொட்டாக விழுங்கினான். இப்படிச் செய்தால் ஒரு பாட்டில் பொழுது சாயும்வரை வந்தது. அவ்வளவு நேரமும் பற்கள் அதிலேயே ஊறிக் கிடந்தன.

நாட்கள் சென்றன. ஒரு பாட்டில் இரண்டானது. முழக்கனுக்கு விசித்திரமான சில சங்கதிகள் நடந்தன. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. இரவில் தூக்கம் வரவில்லை. பகலில் தூக்கம் போகவில்லை. வயிறு விளாம்பழம்போல் உருண்டது. உச்சிக்கிளை முன்னைவிட அதிகமாக வளைந்தது. ஒரு நெல்லிக்காயைக் கடித்தான். கடைவாய்ப்பல்லில் சுரீர் என்றது. அன்றோடு நெல்லி தின்பதை விட்டுவிட்டான். தின்னாதவனுக்கு உலுக்கவும் மனம் வரவில்லை. கீழே மான்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் காய்ந்த புல்லைக் கடித்தன.

ஒருநாள் மருதி கேட்டாள். "அண்ணே, நேற்று காட்டுப்பன்றிக் கூட்டம் வந்ததே. நீங்கள் குரல் கொடுக்கவில்லையே!"

"பன்றிதானே! சிறுத்தை வந்தால் கொடுப்பேன்."

"பன்றி என்று தெரிந்து பேசாமல் இருந்தீர்களா, இல்லை பன்றி வந்ததே தெரியாதா?"

முழக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருதி பொட்டுவை முன்னைவிட அருகில் நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் கரையில் சிலும்பி என்ற முள்ளம்பன்றியும் இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் வளையிலிருந்து வெளியே வருவாள். மான்கள் உதிர்த்த கொம்புகளைத் தேடிக் கடிப்பாள். அவளுக்கு ஒரு கேள்வி தோன்றிவிட்டால், பதில் கிடைக்கும்வரை முதுகு முட்கள் படுக்காது.

அன்று அவள் அண்ணாந்து பார்த்தாள். முழக்கன் கன்னம் உப்பியபடி அரைத் தூக்கத்தில் இருந்தான். அவன் உதட்டோரம் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

"முழக்கா! வாயில் என்ன?"

முழக்கன் மடக்கென்று விழுங்கினான். "தண்ணீர்."

"தண்ணீருக்கு எறும்பு வருமா?"

"வ... வரும்."

"குளத்தைச் சுற்றி ஒரு எறும்பைக்கூடக் காணோமே?"

சிலும்பியின் முட்கள் நிமிர்ந்தன. "எனக்கு ஒரு மிடறு கொடேன்."

"ஒரே ஒரு மிடறுதான்!" என்று முழக்கன் பாட்டிலை இறக்கிக் கொடுத்தான்.

சிலும்பி அதைக் குடிக்கவில்லை. பாறையில் அருகருகே இரண்டு சிறு குழிகள் இருந்தன. ஒன்றில் குளத்துத் தண்ணீரை வாயால் கொண்டுவந்து விட்டாள். இன்னொன்றில் கறுப்புத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு கீழே கிடந்த காலிப் பாட்டில்கள் இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்றின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்குள் ஒரு கொம்புச் சில்லைப் போட்டாள். இன்னொன்றில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, அதற்குள்ளும் ஒரு கொம்புச் சில்லைப் போட்டாள்.

"என்ன விளையாட்டு இது?" என்றான் முழக்கன்.

"தெரியாது. தெரிந்திருந்தால் செய்யமாட்டேனே!"

மறுநாள் பகல் முழுவதும் பாறை கொதித்தது. மாலையில் சிலும்பி வந்து பார்த்தாள். தண்ணீர் இருந்த குழி காய்ந்து சுத்தமாக இருந்தது. இன்னொரு குழியில் பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஒரு பசை. அதில் ஏழெட்டு எறும்புகள் காலை எடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தன.

"முழக்கா, இறங்கி வா! விரலால் தொட்டுப் பார்."

தொட்டான். விரல் ஒட்டிக்கொண்டது. நக்கிப் பார்த்தான். "பாகு!"

"ஒரு மிடற்றுக்கே இவ்வளவு. ஒரு பாட்டிலுக்கு உன் உள்ளங்கை நிறைய வரும். இதுதான் உன் தண்ணீரா?"

"தேன்கூடத்தான் இனிப்பு! அதை நாங்கள் தின்பதில்லையா?"

"வருஷத்துக்கு இரண்டு தடவை, தேனீயிடம் கொட்டு வாங்கித் தின்கிறாய். இதை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, கொட்டு வாங்காமல் குடிக்கிறாய்."

முழக்கனுக்குக் கோபம் வந்தது. "உனக்குப் பொறாமை!" என்று மேலே ஏறிவிட்டான்.

சிலும்பி ஒன்பது நாள் காத்திருந்தாள். சில்லு கிடந்த பாட்டிலில் கறுப்புத் தண்ணீர் வற்றும்போதெல்லாம், முழக்கன் எறிந்த பாட்டில்களின் கடைசிச் சொட்டுகளை அதில் சேர்த்தாள். பத்தாம் நாள் மாலை, தன் முள் ஒன்றால் இரண்டு சில்லுகளையும் நெம்பி வெளியே எடுத்தாள். தண்ணீரில் கிடந்ததைக் கடித்தாள். "கடக்!" என்றது. கறுப்புத் தண்ணீரில் கிடந்ததைக் கடித்தாள். சத்தமே வரவில்லை. அதன் மேல்பகுதி ஈரச் சுண்ணாம்புபோல் உதிர்ந்தது.

"அதிசயமாக இருக்கிறதே!" என்றாள் சிலும்பி. "பிறந்ததிலிருந்து கொம்பு கடிக்கிறேன். இப்படி ஒரு கொம்பைக் கடித்ததில்லை."

"அதனால் என்ன? என் பல் கொம்பா?"

"கொம்பைப் போலத்தான் பல்லும் கெட்டி. இந்தக் கொம்பு ஊறியது ஒன்பது நாள். உன் பல் எத்தனை நாளாக ஊறுகிறது?"

முழக்கனின் நாக்கு அவனை அறியாமல் கடைவாய்ப் பக்கம் போனது. அங்கே ஒரு பல்லில் பள்ளம் இருந்தது. போன மாதம் அந்தப் பள்ளம் இல்லை.

"நாளையிலிருந்து நிறுத்திவிடுகிறேன்" என்றான் மெதுவாக.

"நல்லது. எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. சாமரன் தினமும் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவன் ஏன் ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை?"

"என்மேல் அவனுக்கு அவ்வளவு அன்பு!" என்றான் முழக்கன்.

சிலும்பியின் முட்கள் படுக்கவில்லை.

மறுநாள் சாமரன் முதலில் சிறுத்தையின் குகைக்குப் போனான். "இன்று பொழுது சாயும் நேரத்தில் வாருங்கள். காவல் இருக்காது" என்றான். பிறகு மூன்று பாட்டில்களோடு மரத்தடிக்கு வந்தான்.

"வேண்டாம் சாமரா. இன்றோடு நிறுத்திவிட்டேன்."

"நிறுத்துங்கள் அண்ணே! நல்ல முடிவு. ஆனால் கொண்டுவந்துவிட்டேனே, இதை என்ன செய்வது? இதைத் தீர்த்துவிட்டு நாளையிலிருந்து நிறுத்துங்கள்."

முழக்கன் தீர்க்கத் தொடங்கினான். முதல் பாட்டில் தீர்ந்ததும் ஆட்டம் போட்டான். ஆட்டம் அடங்கியதும் தூங்கினான். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தொண்டை எரிந்தது. இரண்டாவது பாட்டிலைத் திறந்து இரண்டு கன்னங்களிலும் நிரப்பிக்கொண்டான். மூன்றாவது பாட்டில் கிளைக்கவட்டில் இருந்தது.

அப்போதுதான் கீழே பார்த்தான். காய்ந்த புல்லுக்குள் மஞ்சளாக ஒன்று நகர்ந்தது. அதற்கு நேர் எதிரே, இரண்டு பாய்ச்சல் தூரத்தில், பொட்டு ஒரு வண்ணத்துப்பூச்சியை முகர்ந்துகொண்டிருந்தது.

சிறுத்தை!

முழக்கன் கத்த வாயைத் திறந்தான். "க்ளப்!" என்றுதான் சத்தம் வந்தது. நுரை மூக்கில் ஏறியது. இருமினான். கண்ணில் நீர் கொட்டியது. துப்பிவிட்டு மறுபடி வாயைத் திறந்தான். மூச்சுக்காற்று சொத்தைப்பல்லில் பட்டது. வலி மண்டைவரை பாய்ந்தது. மூன்று மேடு தாண்டிக் கேட்கும் குரல் ஒரு முனகலாக வெளியே வந்தது.

மருதி திரும்பிப் பார்க்கவில்லை. சிறுத்தை வந்தால் குரல் கொடுப்பேன் என்று முழக்கன் சொல்லியிருக்கிறானே!

முழக்கன் கிளைக்கவட்டில் இருந்த பாட்டிலைப் பிடுங்கினான். பலங்கொண்ட மட்டும் சிறுத்தையை நோக்கி வீசினான். குறி தப்பியது. பாட்டில் பாறையில் விழுந்தது.

"டமார்!"

நுரை ஆளுயரம் பீய்ச்சியது. மான்கள் சிதறி ஓடின. அதே நொடியில் சிறுத்தையும் பாய்ந்தது. அதன் நகம் பொட்டுவின் பின்னங்காலைக் கீறியது. ஆனால் முகம் முழுக்க நுரை. கண்ணைத் திறக்க முடியவில்லை. சிறுத்தை தலையை உதறிக்கொண்டு மூங்கில் காட்டுக்குள் மறைந்தது.

முழக்கன் இறங்கி ஓடினான். மருதி குட்டியின் காலை நக்கிக்கொண்டிருந்தாள். புல்லில் இரத்தம் சொட்டியிருந்தது.

"மருதி, என்னை மன்னித்துவிடு. கடைசி நேரத்தில் நான்தான்..."

"நீங்கள்தான் காப்பாற்றினீர்கள். தெரியும்" என்றாள் மருதி. "நீங்கள் நல்லவர்தான் அண்ணே. ஆனால் என் குட்டிக்கு நல்லவர் மட்டும் போதாது. விழித்திருப்பவர் வேண்டும்."

அன்று மாலையே மான்கள் குளத்தின் அக்கரைக்குப் போய்விட்டன. அக்கரையில் நெல்லி மரமும் இல்லை, காவலும் இல்லை. இக்கரையில் மான்களின் மூக்கு இல்லாததால், குரங்குகள் தண்ணீர் குடிக்க இறங்கவே நடுங்கின. யாரும் முழக்கனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

பொழுது சாய்ந்ததும் சிலும்பி வந்தாள். முழக்கன் உள்ளங்கையை நீட்டினான். அதில் உடைந்து விழுந்த சொத்தைப்பல் இருந்தது.

"மறுபடி முளைக்குமா?"

"என் பல் தேயத் தேய வளரும். உன் பல் அப்படி வளராது" என்றாள் சிலும்பி. "ஆனால் மற்ற பற்கள் இருக்கின்றன."

முதல் மூன்று நாள் முழக்கனுக்குத் தலை வலித்தது. பள்ளத்தைத் தேடிப் போகச் சொல்லிக் கால் துறுதுறுத்தது. குளத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"சப்பென்று இருக்கிறது, சிலும்பி. தண்ணீரே கெட்டுப்போய்விட்டதா?"

"தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது. உன் நாக்குதான் அந்தப் பாகில் ஊறிப்போயிருக்கிறது. இந்த நெல்லிக்காயைத் தின்."

"பல் கூசும்!"

"நல்ல பல் இருக்கும் பக்கம் மெல்லேன்."

முழக்கன் மென்றான். புளித்தது. துவர்த்தது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"இப்போது தண்ணீர் குடி."

குடித்தான். கண் அகலத் திறந்தது. மறுபடி குனிந்து குடித்தான். குளத்தை உற்றுப் பார்த்தான்.

"யார் இதில் தேன் ஊற்றியது?"

"யாரும் ஊற்றவில்லை. நெல்லி தின்றபின் குடித்தால் அப்படித்தான் இனிக்கும்."

"எப்படி?"

"அது எனக்கும் தெரியாது" என்றாள் சிலும்பி. முட்கள் சிலிர்த்தன. "கண்டுபிடிக்க வேண்டும்!"

முழக்கனுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. "நெல்லியும் புளிப்புதானே? அது பல்லை அரிக்காதா?"

"நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கி வைத்தால் அதுவும் அரிக்கும். நீ மென்று விழுங்கிவிட்டுத் தண்ணீரும் குடித்தாயே!"

அன்றிலிருந்து முழக்கனுக்குத் தாகம் எடுத்தால் குளத்துத் தண்ணீர்தான். இனிப்பு வேண்டுமென்றால் முதலில் ஒரு நெல்லி. கொஞ்சம் கொஞ்சமாக இரவில் தூக்கம் வந்தது. பகலில் தூக்கம் போனது. கிளை பழையபடி நிமிர்ந்தது. கீழே மான்கள் இல்லாவிட்டாலும், அவன் தினமும் உச்சிவெயிலில் உச்சிக்கிளைக்குப் போனான். கன்னப்பை காலியாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் மாலை. மருதி மற்ற மான்களோடு தண்ணீர் குடிக்கக் குளத்தின் நடுத்திட்டுவரை வந்திருந்தாள். பின்னால் பொட்டு நொண்டியபடி நின்றது. அந்த நேரம் பார்த்து, மரத்தடியில் சாமரன் பாட்டிலோடு வந்து நின்றான்.

"அண்ணே! எப்படி இளைத்துப்போய்விட்டீர்கள்! பார்க்கவே பாவமாக இருக்கிறது!"

"நீயும்தான் இளைத்திருக்கிறாய், சாமரா. இன்று நீ குடி."

"எனக்கெதற்கு அண்ணே? நான் எளியவன்."

"மூடியை நானே திறந்து தருகிறேன். ஒரு மிடறு குடியேன்."

சாமரன் இரண்டடி பின்வாங்கினான். "வேண்டாம் அண்ணே."

"ஏன் வேண்டாம்?"

"எனக்கு வேலை இருக்கிறது! இதைக் குடித்தால் சரியான நேரத்தில் தூங்கிவிழுந்து..." என்று சொல்லிவிட்டுச் சாமரன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

புதருக்குள் முட்கள் கலகலவென்று குலுங்கின. "என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது!" என்றபடி சிலும்பி வெளியே வந்தாள்.

முழக்கன் சாமரனைப் பார்க்கவில்லை. அவன் பார்வை மேட்டுக்கு அப்பால், மூங்கில் காட்டின் ஓரத்தில் இருந்தது. அங்கே மஞ்சளாக ஒன்று பதுங்கிப் பதுங்கிக் குளத்தை நோக்கி வந்தது.

முழக்கன் மூச்சை இழுத்தான்.

"கக்! கக்! கக்!"

முதல் மேடு கேட்டது. இரண்டாம் மேடு கேட்டது. மூன்றாம் மேட்டில் இருந்த மயில்கள்கூடப் பறந்து மரத்தில் ஏறின. சிறுத்தை தலைதூக்கிப் பார்த்தபோது குளக்கரையில் ஒரு மான்கூட இல்லை. நொண்டிக் காலோடு பொட்டுதான் எல்லோருக்கும் முன்னால் ஓடியிருந்தது.

சிறுத்தை சாமரனை ஒரு பார்வை பார்த்தது. சாமரன் வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு ஓடினான். மலைப்பாதையைத் தாண்டிப் போனவன், அப்புறம் அந்தப் பக்கம் வரவேயில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் நெல்லி மரத்தடியில் குளம்புச் சத்தம் கேட்டது. மருதி அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, வாயைத் திறந்து காட்டுங்கள்!"

முழக்கன் அகலமாகத் திறந்து காட்டினான். இரண்டு கன்னப்பைகளும் காலி. ஒரு பல்லும் காலி.

மருதி சிரித்துவிட்டாள். "போதும், மூடுங்கள். என் குட்டிக்குப் பசிக்கிறது."

முழக்கன் கிளையைப் பிடித்து உலுக்கினான். நெல்லிக்காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. பொட்டு ஒன்றைக் கடித்து முகத்தைக் கோணியது. பிறகு ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தது. நிமிர்ந்து, குளத்தை ஆச்சரியத்தோடு பார்த்தது.

நாக்குக்கு இனிக்கிறது என்பதற்காக எதையும் குடித்துவிடாமல், அதில் என்ன இருக்கிறது, அது உடம்பை என்ன செய்யும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்பவரே பல்லும் தெம்பும் கெடாமல் வாழ்வார்.